ட்ரெடில்காரர் பதில்கள்

(போன இதழில் கேள்வி கேட்டவர் பெயரில் 'ண' வர வேண்டிய இடத்தில் 'ன' விழுந்து, அவர் வீடு தேடி வந்துவிட்டார். காரைக்குடியில் நாற்பது வருடம் ட்ரெடில் என்கிற கால்மிதி அச்சு இயந்திரத்தை வைத்து அச்சாபீஸ் நடத்தியவனுக்கு இது தேவையா? இனிமேல் ஊர்ப் பெயர் மட்டும்தான்.)

தேவகோட்டை வாசகர்: அச்சாபீஸை மூடி இருபது வருடம் ஆயிற்று. இன்னும் எதை நினைத்துக்கொள்கிறீர்கள்?

கொம்பை. சிரிக்காதீர்கள். ஈய எழுத்தில் 'மெ' என்பது ஒரே எழுத்து இல்லை. கொம்பு தனி, 'ம' தனி. நான் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இல்லை. ஆனால் நகரத்தார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அந்தப் பத்திரிகைகளில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் 'விலாசம்' வரும். அப்பா, பாட்டன், பூட்டன் என்று தலையெழுத்துகள் வரிசை கட்டி நிற்கும்: மெ.லெ.சித., பெரி.தெ.நா., இந்த மாதிரி. தை முகூர்த்தத்தில் நாலு பத்திரிகை சேர்ந்தாற்போல வந்துவிட்டால் எழுத்துக்குழிகள் உள்ள கேஸில் கொம்பும் தீர்ந்துவிடும், புள்ளியும் தீர்ந்துவிடும். முதல் பத்திரிகையை அடித்து முடித்து எழுத்தைப் பிரித்துப் போட்டால்தான் இரண்டாவது பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெயர் கிடைக்கும். நகரத்தாரில் கல்யாணமானவரை ஒரு 'புள்ளி' என்று கோயில் கணக்கில் சேர்ப்பார்கள். அங்கே ஒரு புள்ளி கூடினால் என் கேஸில் நூறு புள்ளி குறைந்தது.

ஒரு அவசரத்தில் ஒற்றைக் கொம்புக்குப் பதில் இரட்டைக் கொம்பைச் செருகி 'மெ'யை 'மே' ஆக்கிவிட்டேன். ஐந்நூறு பத்திரிகை. வந்த ஆச்சி கத்தவில்லை. ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க ஐயாவை மே மாசமாக்கிட்டியேப்பா" என்றார்கள். மறுபடி அடித்தேன், என் காகிதத்தில்.

பள்ளத்தூர் வாசகி: எங்கள் அப்பத்தாவின் கல்யாணப் பத்திரிகையில் 'லை' யானைத் துதிக்கை தூக்கியது மாதிரி இருக்கிறது. இப்போது ஏன் அப்படி எழுதுவதில்லை?

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு போட்ட ஆணை. பெரியார் 1935-லிருந்தே 'குடி அரசு' இதழில் அந்தச் சீர்திருத்த எழுத்துகளைத்தான் போட்டுவந்தார். அவர் நூற்றாண்டை ஒட்டி அரசு அதை ஏற்றுக்கொண்டது. ணை, லை, ளை, னை, அப்புறம் சுழித்துக்கொண்டு நின்ற ணா, றா, னா வகையறா, ஆக மொத்தம் பதின்மூன்று எழுத்து மாறியது. என் கேஸில் காலியானது ஏழு குழிதான். 'ணொ', 'ணோ' எல்லாம் கொம்பு சேர்த்துப் போடுவதுதானே. கம்போஸ் பண்ணுகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பத்திரிகை அடிக்க வந்த பெரியவர்கள் ஏழெட்டு வருடம் வரை "பழைய லை போடுங்க, இது படிக்க ஓடலை" என்றார்கள். அவர்களுக்காகத் துதிக்கை லையை ஒரு பாண்ட்ஸ் பவுடர் டப்பாவில் வைத்திருந்தேன். டப்பா இன்னும் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

சென்னை வாசகர் (பூர்வீகம் கானாடுகாத்தான்): இங்கே 'செட்டிநாடு' என்று போர்டு வைத்த கடையில் சாப்பிட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது. நம் சமையல் இவ்வளவு காரமா?

காரம் குறைவு, மணம் ஜாஸ்தி. அதைப் போர்டில் எழுத முடியாதே. கல்பாசியைக் கிள்ளிப் போட வேண்டும். கை நிறைய அள்ளிப் போட்டால் குழம்பு நாட்டுமருந்துக் கடை ஆகிவிடும். அன்னாசிப்பூ இந்தச் செம்மண்ணில் விளைந்ததில்லை. கப்பலேறிப் போனவர்கள் பழகிக் கொண்டுவந்த ருசி. கவுனி அரிசியையும் பர்மாவோடு சேர்த்துத்தான் இங்கே பேசுவார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊர்ச் சமையலின் கெட்டிக்காரத்தனம் கோழியில் இல்லை, மண்டியில் இருக்கிறது. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, மொச்சையும் வெண்டைக்காயும் போட்டுச் சுண்டவிடுவது. கீழே கொட்டுகிற தண்ணீரில் குழம்பு வைத்தவர்களைத்தான் வட்டிக்கணக்கில் கெட்டி என்கிறோம். அந்த மண்டியை எந்தச் சென்னைக் கடை மெனுவிலும் நான் பார்த்ததில்லை.

கீழச்சிவல்பட்டி வாசகி: கந்தரப்பமா, வெள்ளைப் பணியாரமா?

வெள்ளைப் பணியாரம். காரச் சட்னி இருந்தால் மட்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: புது வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம் என்றிருக்கிறோம். உழைக்குமா? வழுக்குமா?

முதலில் ஆத்தங்குடிக்கு ஒரு நடை வந்து, ஒரு கல் பிறப்பதைப் பாருங்கள். கண்ணாடிச் சதுரம் ஒன்றைத் துடைத்து வைத்து, மேலே இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் ஒரு தகட்டுக்கூடு. வண்ணம் கலந்த சிமெண்டுப் பாலைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள், தோசைக்கல்லில் குழந்தைக்கு யானை தோசை ஊற்றுகிற மாதிரி. கூட்டைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், கலக்காது. அந்தத் தூக்கலில்தான் எல்லாம் இருக்கிறது. போன முறை நான் பார்த்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். அப்புறம் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவை போட்டு மட்டம் தட்டி வைத்துவிடுவார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள். வெளியே எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானே கழன்றுகொள்ளும். சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி விட்டுப்போனது. அச்சடிக்கிறவன் கண்ணுக்கு அதுவும் அச்சுதான்: முகம் கீழே, முதுகு மேலே.

உழைக்கும். நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அன்றோடு போச்சு, சிமெண்டு அல்லவா. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். அன்றைக்கு மட்டும் வழுக்கும். மாமியார் வரும் நாளாகப் பார்த்துத் துடைக்க வேண்டாம்.

கோட்டையூர் வாசகர்: எங்கள் ஊரையும் காரைக்குடி மாநகராட்சியில் சேர்த்துவிட்டார்கள். என்ன சொல்கிறீர்கள்?

காரைக்குடி 1928-இல் நகராட்சி, 2024-இல் மாநகராட்சி. கோட்டையூர், கண்டனூர் எல்லாம் உள்ளே வந்தாயிற்று. வரியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் கவலை வேறு. "எந்த ஊர்?" என்று கேட்டால் கோட்டையூர்க்காரர் இதுவரை காரைக்குடி என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லவும் மாட்டார்! கல்லூரிகள் கட்டிய அழகப்பர் பிறந்த ஊர், ரோஜா முத்தையா ஒரு நூலகமே திரட்டிய ஊர். பலகையை மாற்றலாம், வாயை மாற்ற முடியாது.

அரசியல் என்றதும் ஒன்று. 1962-இல் இந்தத் தொகுதி சட்டசபைக்கு அனுப்பியது சா. கணேசனை. சுதந்திராக் கட்சி, கம்பன் கழகம் நிறுவியவர். கம்பராமாயணத்தோடு சட்டசபைக்குப் போகலாம் என்று ஒரு காலம் இருந்தது. இப்போதைய வேட்பாளர்களின் நோட்டீஸில் நான் ஒற்றுப்பிழை மட்டும்தான் பார்க்கிறேன்.

அறந்தாங்கி வாசகர்: கம்பன் எக்ஸ்பிரஸ் திரும்ப வருமா?

என்னிடம் டிக்கெட் மட்டும்தான் இல்லை, ஆசை நிறைய இருக்கிறது. திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக ஓடிய அந்த மீட்டர்கேஜ் வண்டியில்தான் சென்னையிலிருந்து மை டப்பாவும் புது எழுத்தும் கொண்டுவருவேன். ஈயம் கனம், போர்ட்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "உள்ளே அம்மிக்கல்லா?" என்பார். அகலப்பாதை முடிந்து 2019-இல் திருவாரூருக்கு வண்டி விட்டபோது ஆசையாகப் போய் ஏறினேன். கேட்டுகளுக்கு ஆள் போடாததால் கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். வண்டி நிற்கும், ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார், வண்டி கடந்து நிற்கும், இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். எனக்கென்னவோ அந்தப் பயணம் பிடித்திருந்தது. அவசரம் இருந்தவர்களைக் கேட்காதீர்கள்.

மதுரை வாசகர்: ஏவி.எம். ஸ்டூடியோ காரைக்குடியில் இருந்ததாமே, நிஜமா?

நிஜம். காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்ததுதான் 'நாம் இருவர்', 1947. அப்புறம்தான் சென்னைக்குப் போனார்கள்.

புதுவயல் வாசகர்: பூர்வீக வீட்டில் பதினாறு பங்காளி. நிலைக்கதவை விற்றுவிடலாம் என்கிறார்கள். உங்கள் கருத்து?

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு மாலை நடந்து பாருங்கள். பர்மாத் தேக்கு நிலை, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் அடுக்கு, யாரோ ஒரு ஆயாவின் பல்லாங்குழி, எல்லாம் நடைபாதையில் நிற்கும். கூரை ஓடு ஒழுகும்போது விற்கவே கூடாது என்று நான் சொன்னால் பழுதுபார்க்கும் செலவை நான் தருவேனா? விற்பதென்றால் பதினாறு பேரும் ஒரு தடவை அந்தக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு பேரும் ஒரே நாளில் வந்து சேர்வதற்குள் எப்படியும் மூன்று வருடம் ஓடிவிடும். அதுவரை கதவு பத்திரம்.

திருச்சி வாசகி: என் மகள் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப் பத்திரிகை போதும் என்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.

போதும்தான். நாலு மூலையில் மஞ்சள் தடவ முடியாது, அவ்வளவே. ஆனால் ஐம்பது பிரதியாவது அடித்து வையுங்கள். நான் அடித்த ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒரு பிரதியை மாதிரிக்கு எடுத்து வைப்பது பழக்கம். பரணில் ஏழு தகரப் பெட்டி. போன மாதம் ஒரு அம்மா வந்தார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பென்ஷனுக்குக் கல்யாணத்துக்கு ஏதாவது அத்தாட்சி கேட்கிறார்களாம். கல்யாணம் 1981, ஆவணி. இரண்டு நாள் தேடினோம், என் பேத்தியும் நானும். ஐந்தாவது பெட்டியில் கிடைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தேதியைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவர் பெயரைத்தான் தடவிப் பார்த்தார்கள். ட்ரெடிலில் அடித்தது, நாற்பது வருடத்துக்கு அப்புறமும் எழுத்தின் பள்ளம் விரலுக்குத் தெரிந்தது.