500 கலர் நூல் செட் தள்ளுபடில வருது, தவணைல வாங்கிடவா?

கேள்வி: நான் ஆறு வருஷமா கிராஸ் ஸ்டிச் (துணில X மாதிரி தையல் போட்டு படம் தைக்கிறது) பண்றேன். இப்ப 9 வேலை பாதில நிக்குது, அதுபோக பிரிக்காத கிட் (ஒரு படத்துக்கான நூல், துணி எல்லாம் சேர்ந்த பாக்கெட்) 23 இருக்கு. கிரெடிட் கார்டுல மூணு மாசமா மினிமம் மட்டும்தான் கட்டிட்டு வரேன், அதுல முக்கால்வாசி நூலும் துணியும்தான். இப்ப டிஎம்சி கம்பெனியோட 500 கலரும் சேர்ந்த முழு செட் 25% தள்ளுபடில வருது, தவணை வசதியும் இருக்கு. தனித்தனியா வாங்குறதைவிட இது லாபம்தானே? வீட்டுக்காரருக்கு கிட் எண்ணிக்கை தெரியாது.

பதில்: வேண்டாங்க. ஏன்னு சொல்றேன், ஏன்னா வெறும் வேண்டாம்னு சொன்னா நாளைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஆஃபர் முடியப் போகுதுன்னு மெசேஜ் வரும்போது என் பேச்சு உங்க ஞாபகத்துல நிக்காது.

முதல்ல அந்த செட்டையே எடுத்துப்போம். ஒரு ஸ்கெயின், அதாவது ஒரு நூல் கண்டு, 8 மீட்டர், ஆறு இழை. 14 கவுண்ட் ஐடால (ஒரு இஞ்சுக்கு 14 கட்டம் வர்ற துணி) ரெண்டு இழை வச்சு போட்டா உங்களுக்கு 24 மீட்டர் நூல் கிடைக்குது. ஒரு முழு கிராஸுக்கு முன்பக்கம் பின்பக்கம் சேர்த்து ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கம்மியா போகும், ஆரம்பிக்கிறது முடிக்கிறதுல வீணாகிறதைக் கழிச்சுட்டாலும் தாராளமா 1,800 தையல் வரும். அப்ப 500 ஸ்கெயின்ல 9 லட்சம் தையல். உங்க வேகம் எனக்குத் தெரியாது, மணிக்கு 100 தையல், வாரத்துக்கு 5 மணி நேரம்னு வச்சுக்கிட்டா வாரம் 500. 9 லட்சத்தை 500-ஆல வகுத்துப் பாருங்க, 1,800 வாரம், கிட்டத்தட்ட 34 வருஷம். தள்ளுபடில நீங்க வாங்கப் போறது 34 வருஷத்துக்கான நூல், அதுவும் ஏற்கனவே கைல இருக்குறதைச் சேர்க்காம.

அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. 34 வருஷ நூல் வீட்டுல இருந்தும் அடுத்த பெரிய படத்துலயே நீங்க கடைக்குப் போவீங்க, ஏன்னா செட்ல 310-ங்கிற நம்பர் கருப்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், பின்னணி முழுக்க கருப்பா இருக்கிற படம் அதை நாலே வாரத்துல தின்னுடும், ஆனா அந்த மங்கலான ஊதா வரிசைல பாதி கண்டு பேப்பர் வளையம்கூட கழட்டாம அப்படியே கிடக்கும். செட்டா வாங்கும்போது நடக்குறது இதான், நமக்குத் தேவையான அளவு வேற, அவங்க கட்டிக் கொடுக்குற அளவு வேற.

“இப்ப விட்டா கிடைக்காது”ங்கிற பயம் இந்த நூலுக்குப் பொருந்தாதுங்க. 310 இன்னைக்கும் கருப்பு, அடுத்த வருஷமும் கருப்பு, நம்பர் சொல்லி ஒத்தையா வாங்கிக்கலாம். கையால சாயம் போடுற நூலுன்னா விஷயம் வேற, அதுல ஒரு பேட்ச் மாதிரி இன்னொண்ணு வராது, அதை மட்டும் ஒரு படத்துக்கு எவ்வளவு வேணுமோ மொத்தமா ஒரே நேரத்துல வாங்கிடுங்க. சாதா நூல்லயும் பெரிய பின்னணி கலரை மட்டும் மொத்தமா வாங்குறது நல்லது, டை லாட் (ஒரே தடவைல சாயம் போட்ட தொகுதி) மாறினா சில சமயம் நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும், அதுக்காக செலவு பண்றது வீண் இல்ல.

அடுத்து கார்டு. மினிமம் மட்டும் கட்டிட்டு இருக்கும்போது பெரும்பாலான கார்டுல புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்குன அன்னைலேருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சுடும், அந்த வட்டியில்லா நாளெல்லாம் முழு பில்லையும் கட்டுறவங்களுக்குத்தான். அதனால போன மாசம் வாங்குன ஒரு சின்ன ஊசி பாக்கெட்டுக்கும் சேர்த்து நீங்க வட்டி கட்டிட்டு இருக்கீங்க. இந்த செட்டும் அதே கார்டுல ஏறி ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இழுத்துச்சுன்னா 25% தள்ளுபடில நல்ல பங்கை வட்டியே சாப்பிட்டுடும். தவணை வட்டியில்லாம இருந்தாலும் மாசா மாசம் கட்ட வேண்டிய தொகை ஒண்ணு கூடுது, பழைய பாக்கிய அடைக்க வேண்டிய காசு அங்க போயிடும். கார்டை அடைக்கிற வரைக்கும் கடைப் பக்கங்கள்ல சேமிச்சு வச்சிருக்குற கார்டு நம்பரை அழிச்சுடுங்க, ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் கார்டை எடுத்து 16 நம்பர் அடிக்கணும்னா பாதி ஆசை அங்கயே அடங்கிடும்.

இப்ப கைல இருக்குற 9 வேலை. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொண்ணுலயும் இன்னும் எத்தனை தையல் பாக்கின்னு எண்ணுங்க, சார்ட் (எந்தக் கட்டத்துல எந்தக் கலர்னு காட்டுற படம்) முழுக்க தையல் நிரம்புறதுன்னா அகலம் பெருக்கல் உயரம்னு மொத்தம் வந்துடும், போட்டதைக் கழிச்சா பாக்கி. நான் சும்மா சராசரியா 12,000 பாக்கின்னு வச்சேன், அதுவே 1,08,000, நாலு வருஷத்துக்கு மேல. 23 கிட்டுக்கு தலா 8,000-னு வச்சா இன்னொரு ஏழு வருஷம். இப்படி எண்ணுனா ஒவ்வொரு கிட்டும் காசு மட்டும் இல்ல, இன்னும் செலவு பண்ணாத உங்க மணி நேரமும்னு தெரியும், எதை நிஜமா போட ஆசை, எதை பேட்டர்ன் படத்தப் பாத்து மயங்கி வாங்குனோம்னு அப்பதான் பிரியும். (என் வீட்டுல பாதி செதுக்குன மரக்கரண்டி ஏழு இருக்கு, அதனால நான் யாரையும் குத்திக்காட்டல.)

மனசு விட்டுப்போன படத்தை, இவ்வளவு போட்டாச்சேன்னு இழுத்துப் பிடிக்காதீங்க. போட்ட நேரம் போனதுதான், முடிச்சாலும் திரும்பி வராது. தைக்காத நூலைப் பிரிச்சு பாபின்ல சுத்தி ஸ்டாஷ்ல, அதாவது கைல சேத்து வச்சிருக்குற நூல்ல, சேருங்க. பிரிக்காத கிட்ல குறைஞ்சது பத்தை வித்துடுங்க, வாங்குன விலை வராது, வர்றதை அப்படியே கார்டுல கட்டுங்க.

ஸ்டாஷ்லேருந்து தைக்கிறதுலயும் காசு மிச்சம் இருக்கு. 90 கலர் கேக்குற சார்ட்ல பல கலர் 40, 50 தையல்தான் வரும், அங்கொண்ணு இங்கொண்ணா சிதறி. அதுக்குன்னு 1,800 தையல் போடுற ஸ்கெயினை வாங்காம பக்கத்து ஷேடு ஒண்ணைப் போட்டா மூணடி தள்ளி நிக்கிற யாருக்கும் தெரியாது. முகம், கண்ணு இருக்குற இடத்துல மட்டும் சார்ட் சொல்றதையே போடுங்க. துணில மிச்சம் பிடிக்காதீங்க, நாலு பக்கமும் மூணு இஞ்ச் விடணும். பேரில்லாத மலிவு சிவப்பு நூலும் வேண்டாம், கடைசில துவைக்கும்போது சாயம் இறங்கி ரெண்டு வருஷ வேலைய நாசம் பண்ணிடும்.

எல்லாரும் மறக்குறது ஃப்ரேம். கண்ணாடி, மவுண்ட்னு போனா பல படத்துக்கு நூலைவிட அதுக்குத்தான் ஜாஸ்தி ஆகும், அதனாலதான் முடிச்ச படமும் பீரோல மடிஞ்சு கிடக்குது. கார்டு அடைஞ்சதும் மாசம் ஒரு நிலையான தொகை, அதை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதி நூல் துணிக்கு, ஒரு பாதி ஃப்ரேமுக்கு. ஒரு மாசம் செலவாகலன்னா அடுத்த மாசத்துக்குப் போகட்டும், கையால சாயம் போட்ட நூலு வரும்போது அதுலேருந்து எடுங்க.

வீட்டுக்காரர் விஷயம். கிட் எண்ணிக்கைய அவர்கிட்ட ஒப்பிக்கணும்னு நான் சொல்லல, ஆனா கார்டு பாக்கி எவ்வளவுன்னு சொல்லிடுங்க, வட்டி ரெண்டு பேர் வருமானத்துலேருந்துதான் போகுது. அதே பேச்சுல, ரெண்டு பேருக்கும் தலா ஒரு தொகை, கணக்கு கேக்கக் கூடாதுன்னு ஒரு ஏற்பாட்டையும் போட்டுக்குங்க, அவருக்கும் ஏதாவது ஒண்ணு அலமாரிக்குப் பின்னாடி இருக்கும்.

முதல் வேலையா எதை முடிக்கிறதுன்னு கேட்டா, ஒன்பதுல பாக்கி கம்மியா இருக்குறதை எடுங்க. 2,000 தையல் பாக்கின்னா, வாரம் 500-னு வச்ச கணக்குல நாலு வாரம்தான்.