விம் எடிட்டரில் திருத்திய கோப்பு சேவ் ஆகவில்லை, இ212 என்று பிழை வருகிறது. 777 பர்மிஷன் கொடுத்துவிடலாமா?

கிண்டியில் ஒரு சின்ன அலுவலகத்தின் உபுண்டு சர்வர். /இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் கான்ஃபிக் கோப்பை விம்மில் அரைமணி நேரம் திருத்தியிருக்கிறீர்கள். சேவ் செய்யும்போது இ212, அதாவது எழுதுவதற்குக் கோப்பைத் திறக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற பர்மிஷன்) போடச் சொல்கிறார். இதுதானே கேள்வி?

777 வேண்டவே வேண்டாம். விம்மையும் மூடாதீர்கள், திருத்தியது முழுவதும் இன்னும் அதில்தான் இருக்கிறது. எஸ்கேப் அழுத்திவிட்டு இதைத் தட்டுங்கள் (கட்டளைகளைத் தமிழில் தந்திருக்கிறேன், ஆங்கில எழுத்தில் தட்டவும்):

:டபிள்யூ !சூடோ டீ % > /டெவ்/நல்

விம் தன்னிடம் உள்ள வரிகளை 'டீ' என்ற நிரலிடம் கொடுக்கிறது, அந்த நிரல் சூடோ மூலம் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, ஓடி கோப்பில் எழுதுகிறது. % என்பது திறந்திருக்கும் கோப்பின் பெயர். கடைசிப் பகுதி, அத்தனை வரிகளும் திரையில் கொட்டாமல் இருப்பதற்கு. கோப்பு மாறிவிட்டது என்று விம் எச்சரித்தால் 'எல்' அழுத்தி மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். விம்மிலிருந்து பிரிந்த எடிட்டரான நியோவிம்மில் இந்த வழியில் சூடோ பாஸ்வேர்டு கேட்க முடியாமல் தோற்கும். அப்போது /டிஎம்பி ஃபோல்டரில் சேவ் செய்து, வெளியே வந்து 'சூடோ சிபி' மூலம் பழைய கோப்பின் மேலேயே நகலெடுங்கள். 'எம்வி' (நகர்த்தும் கட்டளை) கூடாது: சிபி செய்தால் பழைய கோப்பின் உரிமையாளரும் பர்மிஷனும் அப்படியே இருக்கும், எம்வி செய்தால் உங்கள் பெயருக்கு மாறிவிடும்.

அடுத்த முறை 'சூடோ விம்' என்றும் திறக்காதீர்கள், 'சூடோஎடிட்' பயன்படுத்துங்கள். அது தற்காலிக நகல் ஒன்றை உங்கள் யூசரிலேயே திறந்து, மூடியதும் மூலக் கோப்பில் எழுதிவிடும். எடிட்டர் ரூட்டாக ஓடுவதில்லை, உங்கள் விம் அமைப்புகளும் அப்படியே கிடைக்கும்.

777 ஏன் ஆபத்து? மூன்றாவது 7, அந்த மெஷினில் உள்ள எல்லோருக்கும் எழுதும் உரிமை தருகிறது. வெப்சைட் ஓட்டை வழியாக நுழைந்தவனும் அந்த 'எல்லோரில்' ஒருவன்தான். /இடிசி முழுவதற்கும் 'சிமோட் -ஆர் 777' போட்டால் இன்னும் மோசம்: சூடோ யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் யாரும் எழுதலாம் என்றாகிவிட்டதால் சூடோ ஓட மறுக்கும், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரும் தன் ஹோஸ்ட் சாவிகளை ஏற்காது. மெஷின் அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ டேட்டா சென்டரில் இருந்தால், கன்சோல் வழியாகத்தான் மீட்க வேண்டிவரும்.

/இடிசியில் உள்ள இதுபோன்ற கான்ஃபிக் கோப்புகள் ரூட்டிடமே இருக்கட்டும், 644 (ரூட் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) போதும். /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ போல நாலு பேர் தினமும் திருத்தும் இடம் என்றால், ஒரு குரூப் உருவாக்கி 'சூடோ யூசர்மாட் -ஏஜி குரூப்பெயர் யூசர்பெயர்' என்று ஆட்களைச் சேருங்கள் ('ஜி' மட்டும் பெரிய எழுத்து). அந்தச் சின்ன 'ஏ' விட்டுப்போனால் மற்ற குரூப்களிலிருந்தெல்லாம் அந்த யூசர் நீங்கிவிடுவார், சூடோ குரூப் உட்பட. பிறகு எல்லாவற்றின் குரூப்பையும் மாற்றி, ஃபோல்டர்களுக்கு 2775, கோப்புகளுக்கு 664 கொடுங்கள், குரூப்பில் உள்ளவர்களும் எழுதலாம். முன்னால் நிற்கும் 2, புதிதாக உருவாகும் கோப்பும் அதே குரூப்பில் பிறக்கச் செய்யும். யூமாஸ்க் (புதுக் கோப்பில் எந்த உரிமைகள் நீக்கப்படும் என்ற அமைப்பு) 022 என்றிருந்தால் 002 ஆக்குங்கள், இல்லையேல் புதுக் கோப்பில் குரூப்புக்கு எழுதும் உரிமை இருக்காது. லாக் அவுட் செய்து மறுபடி நுழைந்தால்தான் புதுக் குரூப் செல்லும். பலர் இங்கேதான் ஏமாந்து மீண்டும் 777க்கு ஓடுகிறார்கள்.

கோப்பின் பர்மிஷன் சரி, ஆனாலும் திறக்கவில்லையா? மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் 'எக்ஸ்', அதாவது உள்ளே நுழையும் உரிமை, இல்லாமல் இருக்கலாம். 'நேம்ஐ -எல்' கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுங்கள், ஒவ்வொரு படியையும் காட்டும்.

சூடோவாலும் எழுத முடியவில்லை என்றால் 'எல்எஸ்ஏடிடிஆர்' பாருங்கள். 'ஐ' குறி இருந்தால் யாரோ வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள், காரணம் விசாரித்துவிட்டு 'சிஹெச்ஏடிடிஆர் -ஐ' போட்டு எடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் 'ஃபைண்ட்மவுண்ட்' கொடுத்து, டிஸ்க் 'ஆர்ஓ' (படிக்க மட்டும்) என்று மவுண்ட் ஆகியிருக்கிறதா பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை முழுதாக மூடாமல் விட்டுவிடும், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும். விண்டோஸில் அந்த அமைப்பை அணைத்து, ஷட் டவுன் செய்துவிட்டு வாருங்கள். லினக்ஸின் சொந்த ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனே திடீரென்று 'ஆர்ஓ' ஆகியிருந்தால் 'டிமெசேஜ்' பதிவில் டிஸ்க் பிழைகள் தெரியும். வேறு எதையும் தொடாமல் முதலில் பேக்கப் எடுங்கள்.