பக்கத்து அறைக்காரர்

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கிறேன். பகலில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை, இரவில் திரைக்கதை. போர்க்காலத்தில் கொழும்புக்கு வந்துசேர்ந்த ஒரு சாதாரணக் குடும்பத்தின் கதை அது. இரண்டு வருடமாகியும் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. சென்ற வாரம் அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களின் 'பார்ட்டன் ஃபிங்க்' படம் பார்த்தேன். உரிந்துவிழும் சுவர்த்தாள், நுளம்பு, எழுதப்படாத பக்கம் எல்லாம் என் அறையைப் போலவே இருந்தன. எழுத்தாளனின் வேதனையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் வேறில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பிற்பகுதி குழப்புகிறது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஹொட்டேல் உண்மையிலேயே எரிகிறதா?

எனக்கும் ஒரு பக்கத்து அறைக்காரர் இருக்கிறார், முதியவர். நான் எழுத உட்கார்ந்தால் கதவைத் தட்டுவார். 2007இல் தன்னை லொட்ஜிலிருந்து பஸ்ஸில் ஏற்றியதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். இப்போது விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். இந்தத் தடையை எப்படிக் கடப்பது?

க., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

முதலில் படத்தைப் பற்றி மட்டும் எழுத நினைத்தேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் விடவில்லை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது எழுத்தாளனின் வேதனையைப் பற்றிய படம் என்பதை நான் ஏற்கவில்லை. 1941இல் நடக்கும் கதை. மீன் விற்பவர்களைப் பற்றி நாடகம் எழுதி நியூயோர்க்கில் கைதட்டல் வாங்கிய பார்ட்டனை ஹொலிவூட் அழைக்கிறது. வாலஸ் பீரி நடிக்கும் மல்யுத்தப் படம் ஒன்றுக்குக் கதை எழுதச் சொல்கிறது. (இது வெறும் கற்பனையல்ல. 1932இல் ஹொலிவூட்டுக்கு வந்த அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபோக்னருக்கும் பீரியின் மல்யுத்தப் படமொன்றில்தான் வேலை கொடுத்தார்கள்.) பார்ட்டனுக்கு மல்யுத்தம் தெரியாது. தங்கியிருக்கும் ஹொட்டேல் அறையில் முதல் வரிக்கு மேல் நகரமுடியவில்லை.

அப்போது பக்கத்து அறையிலிருந்து சார்லி வருகிறார். காப்புறுதி விற்பவர். பார்ட்டன் தன் வாழ்நாள் இலட்சியமாகச் சொல்லும் 'சாதாரண மனிதன்' கதவைத் தட்டி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். என்னிடம் கதைகள் இருக்கின்றன என்று அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பார்ட்டன் குறுக்கிட்டு, சாதாரண மனிதனுக்கான நாடகம் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்கே விளக்குகிறான். இன்னொன்றையும் கவனித்தீர்களா? சார்லிக்கு மல்யுத்தம் தெரியும். பார்ட்டனைத் தரையில் மண்டியிட வைத்து ஒரு பிடி போட்டே காட்டுகிறார். இவனுக்குத் தெரியாத ஒன்றே ஒன்றை உடம்பால் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தும், எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு மறுபடி வெற்றுத் தாளையே வெறிக்கிறான். காது பழுத்துப் பஞ்சு வைத்திருப்பவர் சார்லி. கேளாதவன் பார்ட்டன்.

சார்லி கொலைகாரன் என்று பின்னர் தெரிகிறது. எரியும் நடைவழியில் துப்பாக்கியோடு வந்து நிற்கும்போது, ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தாய் என்று பார்ட்டன் கேட்கிறான். நீ கேட்பதே இல்லை என்பதுதான் பதில். நெருப்பு உண்மையா என்ற கேள்வி எனக்கு எழவேயில்லை. அந்தப் பதிலிலேயே நின்றுவிட்டேன்.

பார்ட்டன் கடைசியில் ஒரே மூச்சில் எழுதி முடிக்கிறானே, தடை நீங்கிவிட்டதே என்பீர்கள். அந்தத் திரைக்கதையின் முடிவு வரிகளைப் படத்தின் தொடக்கத்தில் வரும் நாடகத்தின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதே வரிகள். மல்யுத்த வீரனின் பெயரில் பழைய நாடகத்தையே மறுபடி எழுதியிருக்கிறான். பக்கங்கள் நிறைந்தன, புதிதாக ஒரு மனிதர்கூட அவற்றுக்குள் வரவில்லை.

கோயன் சகோதரர்கள் ஜோயலும் ஈத்தனும் 'மில்லர்ஸ் குரோசிங்' என்ற வேறொரு படத்தின் கதைச் சிக்கலில் அகப்பட்டிருந்தபோது அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஏறத்தாழ மூன்று வாரங்களில் இதை எழுதினார்கள். 1991இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை, சிறந்த இயக்குநர், ஜோன் டர்டுரோவுக்குச் சிறந்த நடிகர் என்று மூன்று விருதுகளையும் இந்த ஒரு படமே வென்றது. ஒரு குறையையும் சொல்லவேண்டும். படத்தில் வரும் புகழ்பெற்ற நாவலாசிரியர் மேஹ்யூவின் பெயரில் வந்த எழுத்துகளில் பலவற்றை எழுதியவள் அவருடைய உதவியாளர் ஒட்ரி. படத்தில் உண்மையாக எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. அவளைச் சடலமாக்கிவிட்டுப் படம் வேகமாகக் கடந்துபோவது ஒவ்வொரு முறையும் என்னைப் புண்படுத்துகிறது.

பெட்டிக்கு வருகிறேன். உள்ளே ஒட்ரியின் தலை இருக்கிறதா என்று எல்லோரும் ஊகிக்கிறார்கள். பார்ட்டனிடம் பெட்டியைக் கொடுக்கும்போது சார்லி சொல்வதைக் கேளுங்கள்: ஒரு மனிதன் வாழ்நாளிலிருந்து வைத்துக்கொள்ள விரும்பும் எல்லாம் இவ்வளவு சிறிய பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது என்கிறார். கடைசியில் அது தன்னுடையதே அல்ல என்றும் சொல்லிவிடுகிறார். ஆனாலும் அந்த முதல் வாக்கியம் மனதைவிட்டு அகலவில்லை, உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு இன்னும் அதிகமாக.

2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முன்னூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. சிகிச்சைக்காக வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த லொட்ஜுகளில்தான் இருந்தார்கள். போர்க்காலக் கொழும்பைப் பற்றி எழுதும் நீங்கள், அந்த பஸ்ஸில் இருந்தவருக்குத் தெரியாமலிருக்க விளக்கை அணைக்கிறீர்கள். இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அதை மறைக்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்களே என்று ஆறுதலும் வந்தது.

திரைப்பட இயக்குநர் தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் அந்த ஊரின் சாதியை முன்வைத்து 1977இல் 'பொன்மணி' படத்தைத் தமிழில் எடுத்தார். வேற்றுமொழிக்காரர் ஒருவருக்கு அது இயன்றதென்றால், முதலில் அந்த ஊர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கும் அந்த ஐயாவுக்கும் இடையில் ஒரு சுவர் மட்டுமே இருக்கிறது.

அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்கிறீர்கள். கேட்பவர் யாருமில்லாத கதையைத்தான் மனிதர் அப்படிச் சொல்வார்கள். அடுத்த முறை தட்டினால் கதவைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுங்கள். திரைக்கதையைப் பற்றிப் பேசாதீர்கள், குறிப்பும் எடுக்காதீர்கள். அன்று காலை எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினார்கள் என்று கேளுங்கள். பையில் எதை வைக்க நேரம் கிடைத்தது, எதை அறையிலேயே விட்டுவிட்டுப் போனார் என்று கேளுங்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யார் இருந்தார், அவரைப் பிறகு எப்போதாவது கண்டாரா என்றும் கேளுங்கள்.