பிராசஸரின் வேகத்தை யார் தீர்மானிப்பது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு புதுவயலில். பழைய இன்டெல் லேப்டாப்பில் லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்து பழகுகிறேன். சீக்கிரம் முடியட்டும் என்று, பிராசஸரின் வேகத்தைத் தேர்வுசெய்யும் கெர்னல் பகுதியான கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றினேன். முதல் சில நிமிடம் 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அப்புறம் 1.6க்கு விழுகிறது, ஏறுகிறது, மறுபடி விழுகிறது. மே மாத மதியத்தில் இன்னும் மோசம். நான் சொன்ன பிறகும் கெர்னல் ஏன் கேட்பதில்லை? பட்டியலில் ‘பவர்சேவ்’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ இரண்டுதான் தெரிகின்றன. நானே ஒரு கவர்னர் எழுதினால் சரியாகுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

கெர்னல் நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் நடக்கிறது. ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் அனுமதி உள்ள உச்ச வேகத்தில் ஓடு என்று பொருள். அந்த உச்சம் எவ்வளவு என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. சூடு ஏறினால் கெர்னலின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதி உச்சத்தையே கீழே இறக்கலாம். பிராசஸர் சிப்பும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தை வெட்டும். ஆறியதும் தடை நீங்கும், மறுபடி 3.4க்குப் பாயும், மறுபடி சுடும். நீங்கள் பார்த்த ஏற்ற இறக்கம் இதுதான்.

இதற்கு அடியில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சிப் வேலை செய்யும்போது எடுக்கும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் (நாம் வேகம் என்று சொல்வது) பெருக்கினால் வருவதற்கு ஏற்ப இருக்கும். அதிர்வெண்ணைப் பாதியாக்கி, அதனால் மின்னழுத்தத்தை 80 சதவீதத்துக்கு இறக்க முடிந்தது என்று வையுங்கள். 0.8 இன் வர்க்கம் 0.64, அதில் பாதி 0.32. திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆனாலும் மொத்த மின்செலவு 64 சதவீதம்தான். சும்மா இருக்கும்போதும் கசியும் மின்சாரம் தனி. அதனால் எப்போதும் மெதுவாக ஓடுவதே சிக்கனம் என்றும் சொல்லிவிட முடியாது. சில வேலைகளைச் சட்டென்று முடித்துவிட்டு ஆழ்ந்து உறங்கப்போவதே லாபம். ஆனால் வேகத்தின் கடைசிப் படிகள் மிகவும் விலை கூடியவை. அங்கே கொஞ்சம் வேகத்துக்கு நிறைய மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பட்டியலில் இரண்டு மட்டும் இருப்பதற்குக் காரணம், கவர்னரின் முடிவைச் சிப்புக்குக் கொண்டுசேர்க்கும் நிரலாக ஓடுவது இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர். அதன் ‘பவர்சேவ்’ பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொதுவான பவர்சேவ் கவர்னர்தான் வேகத்தை அடிமட்டத்திலேயே கட்டிவைக்கும். இன்டெலின் இந்தப் பவர்சேவ் வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

இனி கவர்னர் எழுதும் ஆசை. எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊர்க் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் இருப்பவர் எவ்வளவு தீ வைப்பது என்று எப்படி முடிவுசெய்வார்? அவ்வப்போது எட்டிப் பார்த்து, பந்தியில் எத்தனை இலை நிறைந்திருக்கிறது என்று கணக்கிடலாம். 2004இல் 2.6.9 கெர்னலில் வந்த ‘ஆன்டிமாண்ட்’ கவர்னர் செய்வது இது. குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கும், கடந்த இடைவெளியில் கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் அலகு) எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்று அளக்கும், வரம்பைத் தாண்டினால் நேராக உச்சத்துக்குப் போகும். பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்த முறை. ஆனால் பந்தியில் இருந்த ஒரு கூட்டம் எழுந்து அடுத்த கூடத்துக்குப் போனால், அங்குள்ள அடுப்படிக்கு அது தெரியாது. தெரியும்போது தாமதமாகிவிட்டிருக்கும்.

ஆட்களை உட்கார வைப்பவரே அடுப்படிக்குச் சொல்லிவிட்டால்? 2016இல் 4.7 கெர்னலில் வந்த ‘ஷெட்யூடில்’ இந்த எண்ணத்தில் பிறந்தது. எந்த வேலையை எந்த கோரில் வைப்பது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர், ஒவ்வொரு வேலையும் இதுவரை எவ்வளவு உழைப்பு கேட்டது என்ற கணக்கையும் வைத்திருக்கிறது. பழைய கணக்கின் மதிப்பு சுமார் 32 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். வேலை வேறு கோருக்கு மாறினால் கணக்கும் கூடவே போகும். அதை வைத்து ஷெட்யூடில் வேகத்தைத் தேர்கிறது, 1.25 ஆல் பெருக்கி. கோரின் முழுக் கொள்ளளவில் 80 சதவீதம் பயன்பட்டாலே உச்ச வேகம் கேட்கும் என்று அர்த்தம். திடீரென வரும் வேலைக்கு வைத்த இடம் அது. இந்தத் துறையில் நான் பார்த்த அழகான முடிவுகளில் இதுவும் ஒன்று.

எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். இது கவர்னருக்குக் கீழே உள்ள டிரைவரின் வேலை; உங்களுடையது போன்ற இன்டெல் சிப்பில் சிப்பே பார்த்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டும்போது முதலில் மின்னழுத்தம், பிறகு அதிர்வெண். குறைக்கும்போது நேர்மாறு. உங்கள் ஊர் அரிசி ஆலைக்காரர்களுக்கு போதிய வோல்டேஜ் இல்லாமல் மோட்டாரை ஓட்டினால் காயில் கருகும் என்று தெரியும். சிப் அப்படிக் கருகிக் காட்டாது. கணக்கைத் தப்பாகப் போடும், அல்லது அப்படியே உறைந்துவிடும். எங்கே பிழை என்று கண்டுபிடிப்பதற்குள் நாட்கள் போய்விடும்.

அதனால் முதலில் கெர்னலுக்குள் போக வேண்டாம். பி-ஸ்டேட் டிரைவரை ‘பாசிவ்’ நிலைக்கு மாற்றினால், உங்கள் கெர்னலில் சேர்த்திருக்கும் மற்ற கவர்னர்களும் பட்டியலில் வரும். அதில் வேகத்தை நம் கையில் விட்டுவிடும் ‘யூசர்ஸ்பேஸ்’ கவர்னரைத் தேர்ந்து, பைத்தானில் சிறிய நிரல் ஒன்று எழுதி வேகத்தை நீங்களே மாற்றிப் பாருங்கள். உங்கள் ஊகம் எப்போதும் ஓர் அடி பின்தங்கியே வருவதைக் காண்பீர்கள். அதன்பின் ஷெட்யூடிலின் மூலநிரலைத் திறங்கள். சில நூறு வரிகள்தான். அவற்றில் ஒவ்வொரு வரியும் அந்தப் பின்தங்கலோடு போராடுவது புரியும்.

கம்பைலுக்கு இப்போதைக்கு ஒரு வழி. எல்லா கோர்களுக்கும் உச்ச வேகத்தை 2400000 என்று வையுங்கள். அங்கே அலகு கிலோஹெர்ட்ஸ், ஆக அது 2.4 கிகாஹெர்ட்ஸ். லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல் ஆத்தங்குடிக் கல் பதித்த வெறுந்தரையில் வையுங்கள், அடியில் காற்று போக இடம் விட்டு. அடுத்த நாள் அதே மதியத்தில், அதே இடத்தில், பழைய 3.4இல் ஓட்டுங்கள். இரண்டுக்கும் ஆன நேரத்தை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து