ராத்திரியில் அந்தச் சக்கரம் என்ன செய்கிறது?

அன்புள்ள ஐயா,

கரும்பைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'இலைக்குள் ஏடிபி சிந்தேஸ் என்ற நுண்சக்கரத்தை வெயில் சுழற்றுகிறது' என்று ஒரு வரி இருந்தது. அக்கா மகள் எச்.எஸ்.சி. எழுதப்போகிறாள், வீட்டில் நான்தான் உயிரியல் சொல்லித் தருகிறேன். அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஓடக்கூடிய என்சைம் என்று புத்தகத்தில் இருக்கிறதே, அப்படியானால் ராத்திரியில் பின்பக்கமாகச் சுற்றி, பகலில் செய்ததையெல்லாம் தின்று தீர்த்துவிடாதா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம், நம் மொரீஷியஸ் கரும்பில் இருப்பதும் மற்றச் செடிகளில் இருப்பதும் ஒரே சக்கரம்தானா?

ஒரு வாசகி, ரோஸ் ஹில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். அந்த வரி அழகாக இருக்கிறது என்பதற்காக எழுதிவிட்டேன், ஆனால் வெயில் அந்தச் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. ஷாம்பாஞ் நீர்மின் நிலையத்து டர்பைனுக்கு மழையும் மேகமும் தெரியாது, மேலிருந்து இறங்கும் தண்ணீர்தான் தெரியும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்ற தட்டையான பைகள் இருக்கின்றன. வெளிச்சத்தின் வேலை அந்தப் பைக்குள் புரோட்டான்களைக் குவிப்பது. குவிந்தவை வெளியே வர வழி தேடும்போது கிடைக்கும் வாசல்தான் ஏடிபி சிந்தேஸ், செல்லின் சக்தி நாணயமான ஏடிபியைச் செய்யும் என்சைம். 1966-இல் ஜாகன்டார்ஃபும் யூரீபேயும் தைலகாய்டுகளைப் புரோட்டான் நிறைந்த அமிலத்தில் ஊறவைத்து, பிறகு இருட்டிலேயே காரக் கரைசலுக்கு மாற்றினார்கள், ஒரு துளி வெளிச்சம் இல்லாமலே ஏடிபி உண்டாயிற்று. புரோட்டான் குவியல்தான் ஏடிபியை உண்டாக்குகிறது என்று விஞ்ஞானி பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்னபோது நம்பாதவர்கள்தான் அதிகம். 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

(நடுவில் ஒரு புலம்பல். மூன்று பாஸ்பேட் உள்ளதையும் இரண்டு பாஸ்பேட் உள்ளதையும் தமிழில் எழுத்துக்கூட்டினால் இரண்டுமே 'ஏடிபி' என்றுதான் வருகிறது! அதனால் இரண்டு உள்ளதை இங்கே 'குறைந்தது' என்று வைத்துக்கொள்கிறேன்.)

சரி, சக்கரம். சுற்றுகிறது என்று நான் எழுதியது மட்டும் உண்மை. கரும்பு ஆலையின் உருளைகளை நினைக்காதீர்கள், ஆட்டுக்கல்லை நினையுங்கள். கல் அசையாது, குழவி சுற்றும். மேலே தலைபோல நிற்பது ஆறு துணையலகுகள், ஆல்பா மூன்று, பீட்டா மூன்று. அதுதான் கல். நடுவில் கோணலாக நுழைந்திருக்கும் காமா என்ற தண்டுதான் குழவி. கீழே சவ்வுக்குள் ஒரு வளையம் இருக்கிறது, ஸ்பினாச் கீரையில் அதற்கு 14 இதழ்கள். பைக்குள்ளிருந்து ஒரு புரோட்டான் வந்து ஒரு இதழில் ஏறிக்கொள்கிறது, ஏறக்குறைய முழுச் சுற்றும் சவாரி செய்துவிட்டு மறுபக்கம் இறங்குகிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க, வளையமும் அதோடு தண்டும் திரும்புகின்றன. தலையும் கூடவே சுற்றிவிட்டால் ஒன்றும் அரைபடாது, அதனால் பக்கவாட்டில் ஒரு காம்பு அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது.

கோணல் தண்டு திரும்பத் திரும்ப, மூன்று பீட்டாக்களும் முறைவைத்து வடிவம் மாறுகின்றன. ஒன்றில் 'குறைந்தது' வந்து உட்கார்கிறது, ஒன்றில் பாஸ்பேட்டோடு இறுக்கிப் பிடிக்கப்பட்டு ஏடிபி ஆகிறது, ஒன்று திறந்து வெளியே விடுகிறது. உயிர்வேதியியலாளர் பால் பாயர் கண்டது எனக்கு இன்றும் வியப்புதான்: சக்தி முக்கியமாகச் செலவாவது ஏடிபியை உண்டாக்க அல்ல, ஒட்டிக்கொண்டிருப்பதை விடுவிக்க. 1997-இல் ஜப்பானில் நோஜி, யோஷிதா, கினோஷிதா முதலானோர் பாக்டீரியாவின் இந்தத் தண்டில் ஒளிரும் இழை ஒன்றைக் கட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் நேராகவே பார்த்தார்கள்.

இனி உங்கள் அக்கா மகளின் கேள்வி. நல்ல கேள்வி, நான் மாணவனாக இருந்தபோது எனக்குத் தோன்றவில்லை. ஆமாம், பின்னோக்கி ஓடும். பைக்குள் புரோட்டான் வற்றிவிட்டால் ஏடிபியை உடைத்து, அந்தச் சக்தியால் புரோட்டான்களை உள்ளே இறைக்கக்கூடிய யந்திரம்தான் இது. அதனால் செடி ஒரு பூட்டு போட்டிருக்கிறது. காமா தண்டில் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் இரண்டு இருக்கின்றன. இருட்டியதும் இரண்டும் கந்தகப் பிணைப்பால் கோத்துக்கொள்கின்றன, சக்கரம் பின்பக்கம் ஓடாமல் நின்றுவிடுகிறது. விடிந்ததும், வெளிச்சத்தைப் பிடிக்கும் 'ஒளி அமைப்பு I' என்ற புரதக் கூட்டத்திலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் தயோரெடாக்சின் என்ற சிறு புரதத்துக்கு வந்து சேர, அது அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது, அதற்கு மங்கலான வெளிச்சமே போதும். சுற்றுவதைத்தான் எல்லோரும் படம் போட்டு வியக்கிறார்கள். எனக்கு இந்தப் பூட்டுதான் பெரிய சமாசாரம்.

நீலப்பச்சைப் பாக்டீரியாக்களில் இந்தச் சிஸ்டீன் பூட்டு கிடையாது. அவற்றில் சுவாசமும் அதே தைலகாய்டுச் சவ்வில்தான் நடக்கிறது. ராத்திரியில் சுவாசம் குவிக்கும் புரோட்டானை வைத்து அதே சக்கரம் ஏடிபி செய்யவேண்டும், பூட்டிவிட்டால் பட்டினிதான். செடிக்கு அந்தக் கவலை இல்லை, அதற்கு ராத்திரி வேலை பார்க்க மைட்டோகாண்ட்ரியா தனியாக இருக்கிறது.

கரும்பில் இருப்பதும் அடிப்படையில் இதே சக்கரம்தான், செலவுதான் கூடுதல். நெல் போன்ற செடி ஒரு கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க 3 ஏடிபி கேட்டால், கரும்பு 5 கேட்கும். காரணம், அது கார்பனை முதலில் ஒரு அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உறைச்செல்லுக்குச் சுமந்துபோய் அங்கே இறக்குகிறது, சுமைக்கூலி 2. இந்த வழியை ஹாட்ச்சும் ஸ்லாக்கும் பிரிஸ்பேனில் ஒரு சர்க்கரைக் கம்பெனியின் ஆய்வகத்தில் கரும்பை வைத்துத்தான் கண்டார்கள், 1966-இல். உறைச்செல்லின் பசுங்கணிகங்களில் தைலகாய்டுகள் அடுக்காக இல்லை, தண்ணீரைப் பிளக்கும் அமைப்பும் குறைவு. அங்கே எலெக்ட்ரான்கள் ஒளி அமைப்பு I-ஐச் சுற்றிச் சுற்றியே வந்து புரோட்டானை மட்டும் குவிக்கின்றன, கூடுதல் ஏடிபி பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. கூப் என்கிற கரும்பு வெட்டுச் சமயத்தில் லாரியில் போகும் கரும்பைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சுமைக்கூலிதான் ஞாபகம் வரும்.

கடைசியாக, ஒரு சுற்றுக்கு 14 புரோட்டான், 3 ஏடிபி, ஆக ஒன்றுக்கு ஏறக்குறைய 4.7. உங்கள் அக்கா மகளின் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் பரீட்சையில் புத்தகத்து எண்ணையே எழுதச் சொல்லுங்கள், ரிசல்ட் வந்தபிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.