வேலை தருவார்களா, வேலை தேட வேண்டுமா?

கேள்வி: என் மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள், கணினித் துறைதான் வேண்டும் என்று நிற்கிறாள். அமெரிக்காவில் இணையப் பாதுகாப்புப் படித்தால் அரசாங்கமே செலவை ஏற்று வேலையும் தருகிறது என்கிறாள் அங்குள்ள என் தங்கை. மகள் விண்ணப்பிக்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உங்கள் தங்கை குறிப்பிடுவது, அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றம் பல்கலைக்கழகங்கள் வழியாக நடத்தும் ‘சைபர்கோர்ப்ஸ்’ புலமைப்பரிசிலாக இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு அது கிடையாது என்பதால், உங்கள் மகள் விண்ணப்பிக்க இயலாது.

கல்விக் கட்டணத்துடன், இளமாணி மாணவருக்கு வருடத்துக்கு 27,000 டொலரும் பட்டப்பின் படிப்பு மாணவருக்கு 37,000 டொலரும் கொடுப்பனவாகக் கிடைப்பது உண்மையே. எனினும் “வேலையும் தருகிறது” என்பது சரியன்று. எத்தனை வருடம் உதவி பெற்றாரோ அத்தனை வருடம் அரச சேவையில், பெரும்பாலும் மத்திய அரச நிறுவனமொன்றில், பணியாற்றுவதாக மாணவர் ஒப்பந்தம் செய்கிறார்; அந்த வேலையைத் தேடிக்கொள்வதும் அவருடைய பொறுப்பே. பட்டம் பெற்று 18 மாதங்களுக்குள் தகுந்த பதவி அமையாவிட்டால், பெற்ற பணம் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாக மாறிவிடலாம். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஆட்சேர்ப்பை நிறுத்தியபோது, வேலை கொடுக்க வேண்டிய தரப்பே கதவைச் சாத்திக்கொள்ள, கடன் மட்டும் மாணவர் தலையில் நின்றது. இதை நியாயமான ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம் நாட்டுக்கும் இணையப் பாதுகாப்புப் படித்தவர்கள் தேவை. 2023 ஓகஸ்ட்டில் அரச மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே நடுப்பகுதிக்குப் பிந்திய கடிதங்களுக்குக் காப்புப் பிரதி இல்லாததால் அவை மீளவில்லை. ஆனால் இங்கு பல்கலைக்கழக மாணவருக்கு வழங்கப்படும் மகாபொல உதவித்தொகையில் சேவை நிபந்தனை ஏதும் இல்லை. படித்தவர் விமானம் ஏறினால் கேட்பாரில்லை.

மகள் முதலில் இங்கேயே பட்டம் பெறட்டும். உயர்தரத்தில் நல்ல இசட் புள்ளி கிடைத்தால், ரீட் மாவத்தையிலுள்ள கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்கலாம். கட்டணம் செலுத்த முடிந்தால் மாலபேயிலுள்ள ஸ்லிட் (SLIIT) கல்வி நிறுவனத்தில் இணையப் பாதுகாப்பையே சிறப்புத் துறையாகக் கொள்ளலாம். முதுமாணிப் படிப்புக்கு அமெரிக்காவின் ஃபுல்பிரைட், பிரித்தானியாவின் செவனிங் ஆகிய புலமைப்பரிசில்கள் இரண்டும் இலங்கையருக்கு உண்டு. இரண்டிலுமே படிப்பு முடிந்ததும் இரண்டு வருடங்கள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதை, கையொப்பமிடுவதற்கு முன்னரே மகளுக்குத் தெரியப்படுத்திவிடுங்கள்.