விருந்தும் மருந்தும் மூன்று நாள்தானா?

கேள்வி: என் மாமனாருக்கு 62 வயது. விடாத இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ததில் காசநோய் என்றார்கள். அரசு மருத்துவமனையில் ஆறு மாத மாத்திரை தொடங்கினோம். ஐந்தாவது வாரம் இருமல் அடங்கி, பசியும் வந்தது. "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். நான் முப்பது நாளைக்கு மேலேயே சாப்பிட்டாச்சு" என்று நிறுத்திவிட்டார். இரண்டு வாரமாகிறது. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க என்று மாமியாரும் அவர் பக்கம். தட்டு, டம்ளர் தனியாக வைத்து, திண்ணையில்தான் சாப்பாடு கொடுக்கிறோம். வீட்டில் 4 வயது மகன் இருக்கிறான். மாமாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புத் தங்கைக்கு, நாளைக் காலையிலேயே அவரை அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மிச்ச மாத்திரையை நீங்களாக மறுபடி கொடுக்க வேண்டாம். அட்டைகளை அப்படியே எடுத்துப் போய், எத்தனை நாள் விட்டது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். தொடர்வதா, முதலிலிருந்தா என்பதை அவர்கள் சோதித்துச் சொல்வார்கள்.

இருமல் நின்றதால் கிருமி ஒழிந்துவிட்டது என்று ஆகாது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்து பெருகும் கிருமிகளை அழிக்கின்றன. உறங்கிக் கிடப்பவற்றுக்குத்தான் மீதி மாதங்கள். பாதியில் விட்டால், தப்பிய கிருமிகள் இந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். அதன் பிறகு வைத்தியம் கடுமை.

இனி பழமொழி. எங்கள் வீட்டில் அது, வந்த உறவினர் நாலாம் நாளும் பெட்டியைக் கட்டாதபோது பேசப்படும். மருந்து அங்கே சுக்குக் கஷாயம்தான். மூன்று நாளில் கேட்காவிட்டால் வைத்தியரைப் பார் என்று பாட்டி அனுப்பிவிடுவார். அதே பெரியவர்கள்தான் "ஒரு மண்டலம் விடாமல் சாப்பிடு" என்று லேகியத்தைக் கையில் கொடுத்தார்கள். மண்டலம் என்றால் 48 நாள். இதை உங்கள் மாமியாரிடம் கேளுங்கள், அவருக்கே தெரிந்திருக்கும். நோய்க்குத் தக்கபடி நாள் கணக்கு மாறும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

ஆனால் தங்கையே, உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது பழமொழி அல்ல, அந்தத் தட்டு. இத்தனை வருடம் கூடத்தில் பேரனோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், இப்போது திண்ணையில் தனித் தட்டோடு இருக்கிறார். சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்டவர் வாயில் விருந்துப் பழமொழி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த மாத்திரையை விழுங்குகிற ஒவ்வொரு நாளும் தான் நோயாளி என்பதை அவருக்கு நினைவூட்டியிருக்கும். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சாகப் போயிருக்கும். அது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. அதை யாராவது அவருக்குச் சொன்னார்களா? குமட்டல் இருந்ததா? அவரிடம் கேளுங்கள்.

காசநோய் தட்டில் பரவாது. இருமும்போது காற்றில் பரவும். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடவும் இல்லை. குடிசைகளிலும் நெருக்கடியான தெருக்களிலும் இருந்தவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்ததால் தேறினார்கள். அன்று ஓராண்டு, இன்று ஆறு மாதம்.

அதனால் தட்டை இன்றிரவே எல்லோருடைய தட்டுகளோடும் அடுக்கிவிடுங்கள். மருந்து விட்டுப்போயிருப்பதால், மருத்துவர் சொல்லும்வரை மாமா முகக்கவசம் போடட்டும், ஜன்னல் திறந்த அறையில் தனியாகப் படுக்கட்டும். ஏன் என்று அவரிடமே விளக்கிச் சொல்லுங்கள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை மாமியாரிடமே விடுங்கள். தினம் ஒரே நேரத்தில் கொடுத்து, நாட்காட்டியில் கோடு போடட்டும். சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் அரசு நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. வராவிட்டால் அங்கேயே கேளுங்கள்.

நாளை போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். உடனிருக்கும் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு நோய் இல்லையென்றாலும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். பேரனும் தன்னோடு மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் இன்றிரவு அவரிடம் சொல்லிவையுங்கள்.